பூசணிக்காயை ஏலம் கேட்ட பன்னிரண்டாம் எண்

கண்காணிப்புப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். "கொஞ்சம் உற்சாகமூட்டுற மாதிரி இருக்கட்டும் மேடம்" என்று வேறு சொன்னார்கள். அது என்னிடம் கைவசம் இல்லை. இணைய ஏலத்தில் யார் நிஜமாகக் கேட்கிறார்கள், யார் பொய்யாகக் கேட்கிறார்கள் என்று பார்த்துச் சொல்வதற்காகவே காலமெல்லாம் சம்பளம் வாங்கியவள் நான். ஓய்வு பெறுகிற வருடத்தில் ஒரு பூசணிக்காய் வந்து எல்லாவற்றையும் குழப்பிவிட்டுப் போனது. அந்தக் குழப்பத்தைத்தான் எழுதப் போகிறேன். தெளிவு வேண்டுமென்றால் பயிற்சிக் கையேடு இருக்கிறது, அதைப் படித்துக்கொள்ளுங்கள்.

நான் கோலார் தங்கவயல்காரி. பாலகாட்டில் வீடு. காலையில் மாரிக்குப்பத்திலிருந்து வரும் ரயிலைப் பிடித்து, பங்காருபேட்டையில் ஏறும் கூட்டத்திடம் இடத்தைப் பறிகொடுக்காமல் காப்பாற்றி, ஒயிட்ஃபீல்டில் இறங்கி, மாலை அதே வழியில் திரும்பியவள். ரயிலில் எதிரில் உட்கார்ந்திருப்பவர் யார், சுரங்கக் குடியிருப்பில் எந்த லைனில் வீடு, யாருக்குச் சம்பந்தி என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அலுவலகத்துக்குள் நுழைந்துவிட்டால் மனிதர்களுக்குப் பெயரே கிடையாது. கேட்பவர் 3, கேட்பவர் 19, அவ்வளவுதான். யார் கேட்கிறார் என்று தெரிந்தால் மிரட்டுவார்கள், பேசி வைத்துக்கொண்டு விலையை அமுக்குவார்கள் என்பதால் பெயரை மறைக்கிறோம். மறைத்த அந்த எண்ணுக்குப் பின்னால் விற்பவனே வந்து ஒளிந்துகொண்டு தன் பொருளுக்குத் தானே விலை ஏற்றுவான். அவனைப் பிடிக்கத்தான் நீங்களும் நானும். திரையைக் கட்டியதும் நாமே, பின்னால் யார் என்று எட்டிப் பார்ப்பதும் நாமே. யோசித்தால் கொஞ்சம் அசிங்கமான வேலைதான்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த மேற்பார்வையாளரின் பெயரைச் சொல்ல மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. கம்பெனி இணையத்துக்கு வருவதற்கு முன்னால், வங்கிகள் பறிமுதல் செய்த வண்டிகளை மைதானத்தில் நின்று தொண்டை கிழிய ஏலம் போட்டவர். ஒருநாள் ஒரு டிப்பர் லாரிக்கு இரண்டு எண்கள் முட்டிக்கொண்டு விலையை ஏற்றிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று போலி என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஒன்பதாம் எண்ணை நீக்கப் போனேன். "சும்னே இரும்மா" என்று பாதிக் கன்னடத்தில் தடுத்தார். முடியும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு இருவருக்கும் போன் போடச் சொன்னார். கை தவறி அமுக்கியிருந்தால் சொல்லுங்கள், எடுத்துவிடுகிறோம் என்று மட்டும் சொல்லச் சொன்னார். ஒன்பதாம் எண் என்னை வாய்க்கு வந்தபடி திட்டியது. வண்டியை நேரில் பார்த்து டயரைத் தட்டிவிட்டு வந்தவன் அவன். நான் யோக்கியன் என்று நினைத்திருந்த மற்ற எண், "ஆமாங்க, தவறித்தான் அமுக்கிட்டேன், எடுத்துடுங்க" என்று உடனே ஒத்துக்கொண்டது. விற்பவனின் மச்சான்.

"பொய்யா கேக்கறவனுக்கு ஒரே ஒரு பயம்தான். எங்க ஜெயிச்சித் தொலைச்சிடுவோமோன்னு" என்றார் மேற்பார்வையாளர். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை வருடம் ஓட்டினேன். கணினி எழுப்பும் எச்சரிக்கைகளைவிட அதைத்தான் நம்பினேன். நீங்களும் நம்பலாம், பூசணிக்காய் வராத வரைக்கும்.

இப்போது எங்கள் சர்ச் சபையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருடா வருடம் அறுப்பின் பண்டிகை வரும். வீட்டுக்கு ஒரு பொருள் காணிக்கையாகக் கொண்டுவந்து ஆலயத்தில் வைப்பார்கள். கோழி, வாழைத்தார், கேக், ஒரு டஜன் முட்டை, சுரைக்காய். ஆராதனை முடிந்ததும் ஹாலில் ஏலம். வெளியாள் யாராவது பார்த்தால் எங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். ஒரு முட்டை முந்நூறு ரூபாய்க்குப் போகும். கோழியை எடுத்தவர் "திரும்ப விடுங்க" என்பார், அதே கோழி மறுபடி ஏலத்துக்கு வரும், சாயங்காலத்துக்குள் அது நாலு பேருக்குச் சொந்தமாகி யாருக்கும் சொந்தமில்லாமல் கத்திக்கொண்டிருக்கும். எதிர்த்துக் கேட்க ஆள் இல்லாவிட்டால், ஐந்நூறு சொன்னவரே "இன்னாத்துக்கு நிறுத்தற, நானே எழுநூறு" என்று தன் விலையைத் தானே ஏற்றுவார். கேக் செய்தவளே தன் கேக்குக்குக் கை தூக்குவாள். இதில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. யாருடைய பொருளும் கேட்க ஆளில்லாமல் நிற்கக் கூடாது. நின்றால் அந்தக் குடும்பம் அடுத்த வாரம் கோயிலுக்கு எப்படி வரும்?

சபையில் பாதிப்பேர் இப்போது பெங்களூரிலும் துபாயிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள். அவர்களும் கலந்துகொள்ளட்டும், ஏலத்தை இணையத்தில் வைக்கலாமா என்று போதகர் கேட்டார். எங்கள் தளத்தில் தர்ம காரியத்துக்குக் கட்டணம் கிடையாது என்று நான்தான் ஆர்வமாகச் சொல்லிவைத்தேன். பெயர் மறைவாக இருக்கும் என்பது எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஐம்பது ரூபாய் கேட்பவன் கூச்சப்பட வேண்டாம், ஐயாயிரம் கேட்பவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள முடியாது. கொடுத்தவர் பெயர் தெரியும், கேட்பவருக்கு எண் மட்டும். சனிக்கிழமை மாலை ஆறு மணியோடு ஏலம் முடியும், ஞாயிறு ஆராதனைக்குப் பின் பொருள்களை வாங்கிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

அந்தச் சனிக்கிழமை ஷிஃப்டில் நான்தான் இருந்தேன். இது என் சொந்த சபை, வேறு ஆளைப் போடுங்கள் என்று மேலாளரிடம் முன்கூட்டியே சொன்னேன். "தேங்காய்க்கும் முட்டைக்கும் எதுக்கு மேடம் தனி ஆள்?" என்று சிரித்துவிட்டார். உங்களிடம் யாராவது இப்படிச் சிரித்தால் நீங்கள் சிரிக்காதீர்கள், எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மற்றதெல்லாம் பரபரவென்று போய்க்கொண்டிருந்தது. ஒரே ஒரு பொருளை மட்டும் காலையிலிருந்து யாரும் தொடவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து எடுத்த ஒரு பூசணிக்காயின் படம். கீழே, "வீட்டில் விளைந்தது, செல்வின் குடும்பம்" என்று போட்டிருந்தது.

செல்வின் எங்கள் லைனில்தான் இருக்கிறான். பெங்களூரில் ஒரு டெக் பார்க்கில் எலெக்ட்ரீஷியன். என்னோடு அதே ரயிலில் வருகிறவன். கோயிலில் மைக் செட் எல்லாம் அவன் பொறுப்பாக இருந்தது. ஒரு கிறிஸ்துமஸுக்கு முன் புது ஆம்ப்ளிஃபயரைக் காணவில்லை. கமிட்டிக் கூட்டத்தில் பொருளாளர் தேவசகாயம் அண்ணன் எழுந்து, சாவி வைத்திருந்தவனைக் கேளுங்கள் என்று சொன்னார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லவும் தேவைப்படவில்லை. செல்வின் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனவன் அதன்பின் கோயில் வாசலை மிதிக்கவில்லை. சில மாதம் கழித்துப் பாடகர் அங்கிகள் வைக்கும் அலமாரிக்குப் பின்னால் அந்த ஆம்ப்ளிஃபயர் கிடைத்தது. கிடைத்தது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் எழுந்து சொல்லவில்லை. எங்கள் ஜனங்களுக்கு ஒருவர்மேல் பழி போடச் சபை நடுவில் நிற்கத் தெரியும், அதை எடுக்கும்போது மட்டும் சத்தம் வராது. அதில் நானும் அடக்கம்.

இந்த வருடம்தான் செல்வினின் மனைவி ஜாஸ்மின் அழுது, சண்டை போட்டு, அவனைத் திரும்ப வரச் சம்மதிக்க வைத்திருந்தாள். அந்தப் பூசணிக்காய் வெறும் காய் இல்லை. நான் வரலாமா என்று அவன் சபையைக் கேட்கிற கேள்வி. காலையிலிருந்து பதில் இல்லை.

ஏன் யாரும் கேட்கவில்லை? பழைய சண்டையாலா? அவன் வீடு, தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிவைத்த சயனைட் மேட்டை ஒட்டி இருக்கிறது, அந்த மண்ணில் விளைந்ததை எப்படிச் சாப்பிடுவது என்ற பயத்தாலா? இல்லை, வேறு யாராவது கேட்பார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்களா? எண்களைப் பார்த்தால் காரணம் தெரியாது. ஹாலில் என்றால் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். ஊழியர்கள் ஏலம் கேட்கக் கூடாது என்பது விதி. கையைக் கட்டிக்கொண்டு ஐம்பது ரூபாய் தொடக்க விலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானத்துக்கு மேல் கேட்பவர் 7 வந்தார். நூறு. உடனே கேட்பவர் 12 வந்தார். இருநூறு. அப்பாடா என்று டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு பேரும் விடாமல் ஏற்றிக்கொண்டே போயிருந்தார்கள். ஆறாயிரத்தைத் தாண்டியபோது திரை சிவந்தது. விற்பவரும் கேட்பவர் 7-ம் ஒரே வீட்டு இணைப்பு என்று எச்சரிக்கை.

மேலாளர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "பூசணிக்காய்க்கு ஆறாயிரமா? மேடம், இதைவிடத் தெளிவான கேஸ் நான் பார்த்ததே இல்ல. தூக்கிடுங்க."

தூக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பொருளின் பக்கத்தில், கொடுத்தவர் பெயருக்கு நேர்கீழே, "போலி ஏலம் காரணமாக நீக்கப்பட்டது" என்று சிவப்பில் வரும். துபாயிலும் ஆஸ்திரேலியாவிலும் இருப்பவர்கள்வரை பார்ப்பார்கள். ஏற்கெனவே ஒருமுறை திருடன் என்று பார்க்கப்பட்டவனின் பெயருக்குக் கீழே போலி என்று எழுத வேண்டும், அதுவும் என் கையால். அதன்பின் செல்வின் எந்தக் காலத்திலும் திரும்பி வரமாட்டான். பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டேன்.

"ரெண்டு எண்ணையும் திறந்து பார்க்கணும் சார், விதி அப்படித்தான்" என்றேன். விதியெல்லாம் சரிதான், எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது.

ஏழைத் திறந்தேன். ஜாஸ்மின். எதிர்பார்த்ததுதான். பன்னிரண்டைத் திறந்தேன். தேவசகாயம் அண்ணன்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த மனிதர் தனி ஆள். மனைவி இறந்தபின் ராபர்ட்சன்பேட்டையில் மெஸ்ஸில் சாப்பிடுகிறவர். கமிட்டி டீச் செலவுக்குக்கூட ரசீது கேட்பவர். அவருக்கு எதற்கு ஆறாயிரம் ரூபாய்க்குப் பூசணிக்காய்? அன்று போட்ட பழிக்கு மனம் வருந்திச் செய்கிறாரா? இல்லை, செல்வின் ரோஷக்காரன், மானத்துக்காக எப்படியும் தன் காயைத் தானே கேட்பான் என்று கணக்குப் போட்டு, விலையை ஏற்றிவிட்டு நடுவில் கழன்றுகொள்ளப் பார்க்கிறாரா? கழன்றுகொண்டால் தன் காய்க்குச் செல்வின்தான் பணம் கட்ட வேண்டும். இரண்டுக்கும் திரையில் ஒரே எண்தான் தெரியும். ஒரே மாதிரிதான் ஏறும்.

முதலில் அவருக்குப் போன் போட்டேன். அவர் தன் ஜெராக்ஸ் கடையில் இருந்தார். பின்னால் மெஷின் ஓடும் சத்தம், யாரோ ஆதார் கார்டு இரண்டு காப்பி கேட்கும் குரல்.

"ஏலத் தளத்திலிருந்து பேசுகிறேன்" என்று அலுவலகக் குரலில் ஆரம்பித்தேன்.

"இன்னாம்மா, நீதானே? குரலு தெரியாதா எனக்கு? விஷயத்தச் சொல்லு."

"அண்ணா, ஒரு பூசணிக்காய்க்கு நீங்க கேட்டது பெரிய தொகையா இருக்குது. கை தவறி அமுக்கிட்டிருந்தா சொல்லுங்க, எடுத்துடறேன்."

"எடுக்காத."

"நெஜமாவே வேணுமா அண்ணா?"

"வேணும்னுதானே கேக்கறேன்?"

"இவ்ளோ பெரிய காய வெச்சிகினு இன்னா பண்ணப் போறீங்க?"

ஆதார் காப்பிக்குச் சில்லறை வாங்கிப் போடும் சத்தம் கேட்டது. "அத அப்பால பாத்துக்கலாம். நீ ஒண்ணு செய். என் பேரு எங்கயும் வரக் கூடாது. அவனுக்கும் தெரியக் கூடாது, பாஸ்டருக்கும் தெரியக் கூடாது. அதானே உங்க கம்பெனி சட்டம்?"

"ஆமாண்ணா."

"அப்ப வை."

ஜெயித்துவிடுவோமோ என்கிற பயம் அந்தக் குரலில் கொஞ்சமும் இல்லை. மேற்பார்வையாளரின் சூத்திரப்படி நிஜமான ஆள். சரி என்று செல்வின் வீட்டுக்குப் போட்டேன். அவனே எடுத்தான்.

"செல்வின், உன் பொருள நீயே கேக்கற. தளத்துல அது தப்புப்பா. போலின்னு வந்துடும்."

"இன்னாக்கா பேசறீங்க? ஹால்ல நடந்திருந்தா நானே கை தூக்கியிருப்பேன். எல்லாரும் சிரிச்சிகினு இருந்திருப்பாங்க. எங்கப்பா அவரு குடுத்த கோழிய அவரே எடுக்கல? அதே வேலய போன்ல பண்ணா போலியா?"

கையேட்டை மனதுக்குள் புரட்டினேன். போலி என்றால் வாங்கும் எண்ணம் இல்லாமல் கேட்பது என்று கையேடு சொல்கிறது. எங்கள் ஹாலில் ஒருவருக்கும் வாங்கும் எண்ணம் இருந்ததில்லை. அங்கே கேட்பது முழுக்கப் போலியா, முழுக்க நிஜமா?

"காலையிலேர்ந்து ஜாஸ்மின் அந்தப் படத்தையே பாத்துகினு கீறா" என்றான். குரல் இறங்கிவிட்டது. "ஒருத்தரும் தொடல. நாங்க கேட்டப்புறம்தான் ஒரு நம்பரு வந்துது, நம்ப முடியாம ஏத்திகினே போனோம். நான் இன்னாக்கா பண்றது? காய நானே தூக்கிகினு திரும்பி வர்றதா?"

"உங்க வீட்டுக் கணக்குலேர்ந்து கேட்டதையெல்லாம் நீயே எடுத்துட்டா போலின்னு வராது. அதுக்கு விதியில எடம் இருக்குது. ஆனா எடுத்துட்டா விலை கீழ வந்துடும். ஒருத்தரு எவ்ளோ கேட்டிருந்தாலும், எதிராளி தொகைக்கு ஒரு படி மேலதான் தளம் விலைய நிறுத்தும்; எதிர்ல ஆள் இல்லாட்டி தொடக்க விலைக்கு ஒரு படி மேல, அவ்ளோதான்."

"அம்பது ரூபாய்க்கா?"

"கிட்டத்தட்ட."

"அந்த இன்னொரு நம்பரு யாருக்கா? மெய்யாலுமே ஆளா, இல்ல உங்க மெஷினே கேக்குதா?"

"ஆளுதான்."

"நம்ம சர்ச் ஆளா?"

"அத நான் சொல்லக் கூடாதுப்பா."

"நீங்களா?"

"நான் கேட்டா என் வேல போயிடும்."

"அடுத்த மாசம் ரிட்டயர் ஆகறவங்களுக்கு இன்னா வேல போவுது?" என்று லேசாகச் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "நாங்க எடுத்துட்டா, அந்த ஆளு இருப்பாரா? ஓடிட மாட்டாரே?"

இருப்பார் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதைவிட முக்கியம், எனக்கே தெரியாது. விலை ஐம்பதுக்குப் பக்கத்தில் வந்ததும், பொருளாளர் அண்ணன் அறுபது ரூபாய்க்குப் பூசணிக்காயைத் தட்டிக்கொண்டு போகலாம். போனால் செல்வினுக்கு அது போலி என்பதைவிடப் பெரிய அவமானம். "எடுத்துடு செல்வின். என்ன நம்பி எடுத்துடு" என்றேன். என்னை எதற்காக நம்ப வேண்டும் என்று கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

அவன் கேட்கவில்லை. ஜாஸ்மினிடம் ஏதோ சொன்னான். அவள் வேண்டாம் வேண்டாம் என்பது கேட்டது. ஏழாம் எண்ணின் தொகைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. பூசணிக்காய் ஆறாயிரத்திலிருந்து அறுபது ரூபாய்க்கு விழுந்தது. போனில் ஜாஸ்மின் அழும் சத்தம். நான் வைத்துவிட்டேன், கேட்க முடியவில்லை.

"பார்த்தீங்களா, இப்பதான் சரியான விலைக்கு வந்திருக்கு" என்றார் மேலாளர். அவரை அடிக்கலாம் போல இருந்தது.

எதிரில் யாருமே இல்லை. கேட்பவர் 12 மட்டும் அறுபது ரூபாயோடு தனியாக நின்றார். சும்மா இருந்தாலே போதும், காய் அவருக்குத்தான். ஒன்றும் நகரவில்லை. ஆறு மணி நெருங்கிக்கொண்டிருந்தது. சும்மா இருக்கத்தான் போகிறார், கணக்குப் பார்க்கிற மனுஷன்தானே, நான்தான் முட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது திரை மறுபடி சிவந்தது. கேட்பவர் 12, தான் நின்ற விலையைத் தானே உயர்த்தியிருந்தார். அறுபதிலிருந்து ஏழாயிரம். எதிர்ப்போட்டி இல்லாத நிலையில் உயர்வு, தவறுதலாக இருக்கலாம், ஊழியர் உறுதி செய்யவும் என்று எச்சரிக்கை.

மேலாளர் குனிந்து பார்த்தார். "யாராவது தனக்கு எதிரா தானே கேப்பாங்களா? என்ன மேடம் இது, பைத்தியமா?"

எனக்கு ஹாலில் கேட்ட எத்தனையோ குரல்கள் ஒன்றாகக் கேட்டன. "பைத்தியம் இல்ல சார். எங்க ஊர்ல இப்படித்தான் கேப்பாங்க" என்று சொல்லிவிட்டு ஏற்கும் பொத்தானை அமுக்கினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மேலாளர் தலையைச் சொறிந்துகொண்டு போனார். ஆறு மணிக்குப் பூசணிக்காய் பன்னிரண்டாம் எண்ணுக்கு முடிந்தது.

மறுநாள் ஆராதனைக்குப் பிறகு போதகர் பொருள்களைக் கொடுத்துக்கொண்டிருந்தார். பூசணிக்காய் முறை வந்தபோது, "எடுத்தவர் பேரைச் சொல்ல விரும்பல, எனக்கும் தெரியாது. கொடுத்த குடும்பத்துக்கே காயைத் திரும்பத் தரச் சொல்லித் தளத்து வழியா செய்தி அனுப்பியிருக்கிறாரு" என்றார். தொகையைச் சொன்னதும் ஹாலில் ஒரு ஆரவாரம். ஜாஸ்மின் முகத்தை மூடிக்கொண்டாள். செல்வின் எழுந்து போய்க் காயை இரண்டு கையாலும் தூக்கினான். "இத நாங்க வீட்டுக்குக் கொண்டுபோகல. இங்கயே சமைக்கலாம், எல்லாரும் சாப்பிடுங்க" என்றான். அவன் குரலை அந்த ஹாலில் மைக் இல்லாமல் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. பெண்கள் அரிவாள்மனையைத் தேட ஓடினார்கள்.

பந்தியில் செல்வின்தான் பூசணிக்காய்க் கூட்டு பரிமாறினான். என் தட்டில் மட்டும் கரண்டி கரண்டியாக விழுந்தது.

"எனக்குத் தெரியும்க்கா" என்றான் மெதுவாக.

"இன்னா தெரியும்?"

"நீங்கதான் அந்தப் பன்னெண்டு."

"நான் இல்லப்பா. சத்தியமா நான் இல்ல."

"சரி சரி, சட்டம், சொல்லக் கூடாது. ஆயிசுக்கும் மறக்க மாட்டேன்க்கா."

அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கு உரிமையில்லாத நன்றி அது. வேண்டாம் என்று தள்ளினால், அப்படியென்றால் யார் என்று கேட்பான். யார் என்று நான் சொல்லக் கூடாது. பிள்ளைகளே, ரகசியம் காப்பதென்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அடுத்தவருக்குப் போய்ச் சேர வேண்டியதைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பதும் அதில் சேர்த்தி என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

அப்போது தேவசகாயம் அண்ணன் தட்டோடு வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். ஏற்கெனவே ஒருமுறை சாப்பிட்டவர், மறுபடி வந்திருந்தார். தட்டை நீட்டினார். செல்வின் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு கரண்டி போட்டான். அவர் நகரவில்லை. இன்னொரு கரண்டி போட்டான்.

"காயி நல்லா இருக்குதுப்பா" என்றார் அண்ணன்.

செல்வின் வாளியைக் கிளறினான். அண்ணன் என்னைப் பார்த்தார். சொல்லாதே என்கிற பார்வையா, சொல்லிவிடேன் என்கிற பார்வையா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நான் குனிந்துகொண்டேன். அவர் தட்டைப் பிடித்துக்கொண்டு ஹாலின் மூலையில் போய் உட்கார்ந்தார்.

அவர் காதில் விழுமோ விழாதோ என்ற தூரம் போனதும், செல்வின் என் பக்கம் குனிந்தான்.

"பாத்தீங்களாக்கா அந்தாளு வெக்கத்த? என் காய்க்கு ஒரு ரூபா கேட்டிருப்பானா? ரெண்டாவது தடவ வந்து நிக்கறான்."

கூட்டு நன்றாகத்தான் இருந்தது. அவன் அடுத்த கரண்டியை எடுத்தபோது தட்டைக் கையால் மறைத்துக்கொண்டேன்.